வெர்ன் சித்தப்பாவின் மீன்கூடையில் போட்ட கருவி

அன்பு மார்னிக்கு,

இங்கே நானும் இரண்டு நாய்களும் சௌக்கியம், என் வலது முட்டி மட்டும் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. நியூசிலாந்தில் இப்போது குளிர்காலமாமே, ஆட்டுப் பண்ணை வேலை உனக்கு ஒத்துக்கொள்கிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கரடியே இல்லாத நாடாகத் தேடிப் பிடித்துப் போய்விட்டாய் என்று வெர்ன் சித்தப்பா சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூரை ஒழுகியதை அவர்தான் அடைத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு ட்ரூடிக்குப் பேரன் பிறந்திருக்கிறான். இதையெல்லாம் எழுதத்தான் தாளை எடுத்தேன் என்றால் அது பொய்.

நீ கரடி ஆராய்ச்சி தொடங்கிய முதல் கோடையில் எனக்கும் ட்ரூடிக்கும் ஆளுக்கொரு ஜிபிஎஸ் கருவி கொடுத்தாய், தீப்பெட்டி அளவுதான் இருக்கும். மலைக்குப் போகிறவர்கள் அதைப் பையில் வைத்துக்கொண்டு போய் மாலையில் பெட்டியில் திருப்பிப் போட வேண்டும், கரடிக்குக் கழுத்துப்பட்டை, மனிதருக்கு இது, இரண்டு பேரின் தடமும் எங்கே நெருங்குகிறது என்று நீ பார்ப்பாய். "நீ எங்க போறேன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன், சும்மா வச்சுக்கோம்மா" என்று கெஞ்சினாய். ஆனால் இந்த ஊரில் காட்டு ஹக்கிள்பெர்ரிப் பழம் பறிக்கும் இடத்தைப் பெற்ற பிள்ளையிடம்கூட யாரும் சொல்வதில்லையே, நானும் உன்னிடம் சொன்னதில்லை. "கம்ப்யூட்டர்ல ஏறிட்டா ஊரே வந்து பறிச்சிட்டுப் போயிடும், அப்புறம் நாம இலையிலதான் ஜாம் போடணும்" என்றாள் ட்ரூடி. எனக்கும் அது சரியென்றே பட்டது. ஓடைக்கு மீன்பிடிக்கப் போகும் வெர்ன் சித்தப்பாவின் கூடையில், அவருக்கே தெரியாமல், எங்கள் இரண்டு பேரின் கருவியையும் அடியில் போட்டுவிடுவேன். மாலையில் எடுத்து உன் பெட்டியில் சேர்த்துவிடுவேன். மூன்று கோடையும் இப்படித்தான் செய்தேன். உன் வரைபடத்தில் நாங்கள் ஓடைக்கரையில் இருந்தோம், உண்மையில் கழுகுப்பாறைச் சரிவில் காலையிலிருந்து மாலை வரை வாளியைத் தட்டிக்கொண்டும் நாய்களைக் குரைக்கவிட்டுக்கொண்டும் பழம் பறித்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் நீ பட்டை மாட்டிய பதினேழாம் எண் கரடி பகலில் அங்கே தலைகாட்டவில்லை. நீ என்ன செய்வாய், பாவம், உனக்குத் தெரிந்தவரை சரிவில் ஆளே இல்லை, கரடியும் இருட்டிய பிறகுதான் வருகிறது. பகலில் அதற்கு அந்த இடம் வேண்டாம் போலிருக்கிறது என்று எழுதினாய், வன அலுவலகமும் அதை நம்பி, மலையேறுகிறவர்களுக்கான புது நடைபாதையை அந்த வழியே விட்டது. கேட்டதும் ஐயோ என் பழம் போச்சே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது, வேறொன்றும் தோன்றவில்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. போன ஆகஸ்டில் எனக்கு முட்டி அறுவை சிகிச்சை, நான் இல்லாமல் ட்ரூடியும் போகவில்லை. சரிவில் சத்தமே இல்லை என்றதும் கரடி குட்டியோடு பட்டப்பகலில் வந்துவிட்டது. நம் பள்ளிக்கூட வாத்தியார் பாவம், புதுப் பாதையில் பேசாமல் நடந்து போய் நேரே அதன் முன்னால் நின்றிருக்கிறார். அது கடித்துக் குதறிய கை அவருக்கு இன்னும் முழுதாக நீட்ட வரவில்லையாம். கரடியைச் சுட்டுவிட்டார்கள். குட்டி என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு விசாரிப்பேன்?

அதைப் பற்றிப் பேசப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடிய ஊர்க் கூட்டத்தில் மர ஆலைக்காரர் எழுந்து "மூணு வருஷம் மிஷின வச்சுக்கிட்டு என்னத்தக் கிழிச்சே?" என்று கேட்டபோதுகூட நீ அழவில்லை. "அந்தச் சரிவுக்கு ஜனங்க யாரும் போனதே இல்ல, இந்த மலையில முப்பது வருஷமா பழம் பறிக்கிற எங்க அம்மாவையே கேளுங்க" என்று என் பக்கம் கை காட்டினாய். மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லையே என்று இத்தனை மாதமும் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன், அப்படி ஒரு கேவலமான சமாதானம்.

திங்கட்கிழமை வன அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அதிகாரி "உங்க பொண்ணுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். வரும் இருபதாம் தேதி அதே மண்டபத்தில் ஊர் கூடும்போது நானே எழுந்து நின்று அதை வாசிக்கப்போகிறேன், ட்ரூடி இப்போதே என்னோடு பேசுவதில்லை. ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும். உன் ஆராய்ச்சியில் பிழை இல்லை மார்னி, நான் கொடுத்ததுதான் பொய்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரக் காலுறையோடு உட்கார்ந்திருக்காதே. நீ எந்த நாட்டில் இருந்தாலும் தலைநிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. திட்டத் தோன்றினால் திட்டியே எழுது. விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு "நீ ஒருத்தியாவது என் பக்கம் நின்னியேம்மா" என்றாய். நான் நிற்கவில்லை, கண்ணே.

உன் அம்மா
ஐலீன்