இரண்டு இழுப்பு

2093 ஜூலை 4, காலை 7.10. மதகு அறை
நான் கஸ்பார், தூத்துக்குடியில் சங்கு குளித்தவன். நான் பேசப் பேச இந்தப் பெட்டி எழுதிக்கொள்கிறது; நான் தாண்டாத மூன்றாம் வகுப்பைத் தாண்டிய பெட்டி. எந்தப் பக்கமும் கடல் இல்லாத மலைநாடு இது. பனி உருகி உச்சியில் புதிதாக ஓர் ஏரி. அதன் கரை வெறும் கல்லும் மண்ணும். அடியில், பாறைக்குள் என் அறை. ஏரி ஏறினால் மதகைத் திறப்பேன்; மேலே மலைவாசலிலிருந்தும் திறக்கலாம். தண்ணீர் சுரங்கம் வழியாகக் கீழே இறங்கும். இன்று ஏரி ஒழுங்காக இருக்கிறது. என் உப்புமாவில்தான் உப்பில்லை.

பகல் 11.25
நிலம் குலுங்கியது. மலைவாசலுக்கு ஏறும் படிக்கட்டைப் பாறை அடைத்துவிட்டது. சுரங்கக் கதவு நெளிந்து சிக்கிக்கொண்டது. இடுக்கில் கை நுழைகிறது, தொப்பை நுழையவில்லை. ஏரியில் பனிப்பாளம் விழுந்து நீர் ஏறுகிறது.

12.05
என் மச்சினன் செலஸ்டின், சுரங்கத்தின் கீழ்வாயிலிருந்து வாக்கிடாக்கியில்:
"அத்தான், உயிரோட இருக்கியளா?"
"இல்லல, ஆவி பேசுது. ஒங்க அக்காட்ட சொல்லிராத, சந்தோசப்படுவா."
"கதவ அறுக்க மிசினோட ஏறி வாரேன். கயித்த விட்டுறாதிய."
சுரங்கத்தில் ஏறுபவருக்குக் காவலாகக் கட்டிய அந்தக் கயிறு மலைவாசலில் தொடங்கி, என் அறை வழியாகச் சுரங்கம் இறங்கி, அவன் இடுப்பில் முடிகிறது. எங்கள் ஊரில் குளியாளின் கயிற்றை மச்சினன்தான் பிடிப்பான். அக்காள் தாலியறுக்க அவன் விடமாட்டான். ஓர் இழுப்பு என்றால் தூக்கு. இரண்டு என்றால், நான் மேலே வந்துவிட்டேன், விடு. கயிற்றில் எவனும் பொய் சொன்னதில்லை.

12.50
கரை வழிய இன்னும் ஒரு சாண். கரை உடைந்தால் பள்ளத்தாக்கில் ஓர் ஊரும் மிஞ்சாது. இத்தனை மலைக்கு நடுவே தண்ணீருக்கும் சனங்களுக்கும் அந்த ஒரு பாதைதான். மதகைத் திறந்தால் ஊர்கள் பிழைக்கும். கதவிடுக்கு வழியாக என் அறை நிரம்பும். அது கிடக்கட்டும். சுரங்கத்துக்குள் செலஸ்டின் இருக்கிறான்.
"மாப்ள, திரும்பிப் போயிருல. மதகத் தெறக்கணும்."
"நான் உள்ள இருக்கும்போது தெறங்க பாப்போம்."
"பாற சந்துல ஏறி மலவாசலுக்கு வந்துட்டேம்ல. வெயில் காயுதேன். இங்க உள்ள ஆளுவ தெறப்பாவ."
"மோதிரம் தொலஞ்சிட்டுன்னு பொய் சொல்லி என் கல்யாணப் பூசையவே நிறுத்துன ஆளு நீங்க. ஒங்க வாய எவன் நம்புவான்?"

1.05
கயிற்றை இரண்டு முறை இழுத்தேன்.
செலஸ்டின், அழுகையும் சிரிப்புமாக:
"நெசமாவே வந்துட்டியளா! இத மொதல்லயே செஞ்சா என்ன? நான் எறங்குதேன்."

1.40
"அத்தான், வெளிய மேட்டுல நிக்கேன். தெறக்கச் சொல்லுங்க."
எவனிடம் சொல்ல? மலைவாசலில் யாருமில்லை. நானே திறந்தேன். ஏரி இறங்குகிறது.

1.52
இடுப்பளவு தண்ணீர். பல் கிட்டுகிறது. வாயில் பட்டது, இதிலும் உப்பில்லை. கண்டெடுப்பவரே, இந்தப் பெட்டி எழுதியதை என் மச்சினன் படிக்க விடாதீர்கள்.

1.58
சுரங்கப் பக்கம் கயிறு விறைக்கிறது. வெள்ளம் இழுத்தால் ஒரே சீராக இழுக்கும். இது விட்டு விட்டு வருகிறது. இது செலஸ்டினின் கை.
இரண்டு முறை இழுத்தேன். மறுபடியும் இரண்டு.
பொய்யைக் கண்டுகொண்டான், விடமாட்டேன் என்கிறான். ஏல, விடுல. நான் மேலே வந்துட்டேம்ல, விடு