தீப்பொறியின் பக்கத்தில் நாற்பத்து மூன்று நிமிடம்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

வணக்கம். ஒன்பது வருடம் கழித்து வரும் கடிதம் என்பதால் பதற வேண்டாம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இது வேலை விஷயம்.

நான் வீடியோ கேம்களுக்குக் கதை எழுதுகிறேன். இப்போது எழுதி முடித்திருப்பது, கப்பல் பழுது பார்க்கும் ஒரு துறையில் நடக்கும் கதை. வெளியிடுவதற்கு முன்னால், நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய, எந்த கேமையும் தொட்டே பார்க்காத பத்துப் பேரை விளையாட வைத்துப் பார்ப்பது எங்கள் அலுவலக வழக்கம். ஆளுக்கு ஒருவரைப் பிடித்துத் தர வேண்டும். அந்த வயதில், முகத்துக்காக எதையும் பாராட்டாத ஆள் எனக்கு ஒருவரைத்தான் தெரியும்.

விளையாட்டுக் கருவியும் இருபது தாள்களும் பார்சலில் இருக்கின்றன. விளையாடும்போது தோன்றுவதைக் கையால் எழுதி அஞ்சலில் அனுப்ப வேண்டும். வெளிவரும் வரை போனிலோ மின்னஞ்சலிலோ பேசக்கூடாது என்று ஒப்பந்தம்.

வேறு எதையும் எழுத வேண்டாம். முக்கியமாகப் பழையதை.

இப்படிக்கு,
கதைப் பிரிவு


பிப்ரவரி 11

வாலு,

பார்சலில் உன் புதிய பெயரைப் பார்த்தேன். உனக்குப் பொருந்துகிற பெயர். ஆனால் நீ கொடுக்காமல் நானாக எடுத்துக்கொள்வது முறையல்ல என்று பட்டதால் பழைய செல்லப்பெயரிலேயே எழுதுகிறேன். சின்ன வயதில் நீ செய்த அட்டகாசத்துக்கு வைத்தது. அதில் தம்பி, தங்கை என்ற பேதம் இல்லை.

கையெழுத்துக்குப் பதில் பிரிவின் பெயர் போட்டிருந்தாய். அப்படியானால் நானும் மண் பரிசோதனைக் கூடம் என்று போடலாம். இருபத்து நாலு வருடமாக அங்கேதான் இருக்கிறேன்.

பழையதை எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை. நீ வீட்டை விட்டுப் போனதில் என் பங்கு என்ன என்று எனக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு வேண்டியதும் ஒன்றுதான். இந்த இருபது தாளும் தீர்ந்த பிறகும் நீ எனக்குக் கடிதம் எழுத வேண்டும்.

இனி வேலை. முதல் ஒரு மணி நேரம் திரையில் என் ஆள் சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான். பழுதா, பாத்திரத்தின் குணமா என்று தெரியாமல் குறித்து வைத்தேன். பிறகுதான் இடது கட்டைவிரலுக்கும் ஒரு வேலை இருப்பது தெரிந்தது. இரண்டாவது, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது குதித்தால் தரையிலிருந்து புழுதி கிளம்புகிறது. நனைந்த களிமண் அப்படிச் செய்யாது. யார் சொன்னாலும் செய்யாது.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

புழுதி விஷயத்தை வரைகலைப் பிரிவில் வாசித்துக் காட்டினேன். "யாருங்க இவங்க, நாலு வருஷமா யாரும் கண்டுபிடிக்கலையே" என்று ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். உங்களுக்கு அங்கே ஓர் எதிரி உருவாகியிருக்கிறார்.

அடுத்த கட்டத்துக்குப் போங்கள். அங்கே வெல்டர் ஒருத்தி வருவாள். துறையில் அவளைத் தீப்பொறி என்று கூப்பிடுவார்கள். அவள் வரும் பகுதி முழுக்க நான் எழுதியது. அதைப் பற்றி விவரமாக எழுதுங்கள்.

கதைப் பிரிவு


பிப்ரவரி 26

வாலு,

தீப்பொறியைப் பார்த்தேன். இந்தத் துறையில் வேலை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் என் ஆளைக் கண்டதும் வேலையை விட்டுவிட்டு வாழ்க்கைக் கதை சொல்ல ஆரம்பிக்கிறார்கள். இவள் முகமூடியைக்கூடத் தூக்காமல், "கம்பிய மிதிச்சிட்டு நிக்கறீங்க, தள்ளுங்க" என்றாள். பிடித்துப்போயிற்று.

ஆனால் இப்போது விளையாட்டு நின்றுவிட்டது. அவளுடைய லாக்கரின் சாவி உடை மாற்றும் அறையில் பெஞ்சுக்கு அடியில் கிடைத்தது. அவளிடம் கொடுக்கலாம் என்று எடுத்துப் போனால், கொடுப்பதற்கு வழியே இல்லை. "லாக்கரைத் திற" என்று திரையில் ஓர் அம்புக்குறி மின்னிக்கொண்டே இருக்கிறது. மூன்று நாளாக அவள் பக்கத்தில் போய் நிற்கிறேன். "இன்னும் போகலையா?" என்கிறாள். வேறு வசனம் கிடையாது.

வேறு பாதை இருந்தால் சொல். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வழி இருந்தாலும் போதும்.

அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

பழுது ஒன்றுமில்லை. லாக்கர் முன்னால் நின்று வலது பக்கம் உள்ள நீலப் பொத்தானை அழுத்துங்கள். திறந்தால்தான் கதை நகரும். மற்ற ஒன்பது பேரும் நாலு நிமிடத்துக்குள் திறந்துவிட்டார்கள். எட்டுப் பேருக்கு அந்த இடம்தான் மிகவும் பிடித்திருக்கிறது. இன்னும் பாதிக் கதை மீதி இருப்பதால் சீக்கிரம் முடித்தால் நல்லது.

கதைப் பிரிவு


மார்ச் 10

வாலு,

எந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரியும். நான் அழுத்தமாட்டேன்.

அவள் கையெட்டும் தூரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் போய் அவள் லாக்கரைத் திறக்கச் சொல்கிறாய். நீ போட்ட நிபந்தனையை இப்போது மீறுகிறேன், மன்னித்துக்கொள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ குளித்துக்கொண்டிருந்தபோது உன் மேசை இழுப்பறையைத் திறந்தேன். மருத்துவர் எழுதிய கடிதமும், நீ நீயாக நிற்கிற அந்தப் புகைப்படமும் இருந்தன. அவற்றை எடுத்துப் போய் அப்பாவிடம் கொடுத்தேன். உன் நல்லதுக்கு என்று அன்றைக்குச் சொன்னேன், அப்புறமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், எனக்கு ஒரு ரகசியம் தெரிந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. உன்னிடம் கேட்டிருக்கலாம். குளியலறைக் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. நீ தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா போகச் சொன்னார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பா இறந்த செய்தியை உனக்கு எழுதினேன், பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

மீதித் தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன். உன் வேலையைக் கெடுத்துவிட்டேன் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள். கருவியை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்?

அக்கா


மார்ச் 19

அக்கா,

கருவியை அனுப்பாதே.

உன் கடிதத்தைக் கழிவறையில் உட்கார்ந்து படித்தேன். எங்கள் அலுவலகத்தில் கதவு சாத்துகிற ஒரே அறை அதுதான். வெளியே வந்து, விளையாடுபவர்கள் எங்கே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கருவி எடுத்து வைக்கும் பதிவைப் பார்த்தேன். நீ தீப்பொறியின் பக்கத்தில் சும்மா நின்ற நேரம் மொத்தம் நாற்பத்து மூன்று நிமிடம். மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து ஆறு நிமிடம் நின்றிருக்கிறார்கள்.

லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். பையன் உடுப்பில் தீப்பொறியின் பழைய புகைப்படம். அவள் திருநங்கை என்பது அப்போது தெரியவரும். உடனே இசை ஒலிக்கும். "ரகசியம் கண்டுபிடிக்கப்பட்டது" என்று திரையில் வரும். நூறு புள்ளி கிடைக்கும்.

எனக்கு நடந்ததை நானே அவளுக்குச் செய்து, அதற்குப் புள்ளியும் வைத்திருக்கிறேன், அக்கா. வெளியாள் யாராவது இப்படி எழுதியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். நான் விளையாடி வளர்ந்த கேம்கள் எல்லாவற்றிலும் எங்களைப் போன்றவர்கள் அப்படித்தான் வந்தார்கள். யாராவது எதையாவது திறப்பார்கள், நாங்கள் வெளியே விழுவோம். கதைக்குள் வருவதற்கு வேறு வாசல் இருப்பதாக எனக்கே தோன்றவில்லை.

நேற்று குழுத் தலைவரிடம் போய் லாக்கரை எடுக்க வேண்டும் என்றேன்.

"பத்துல எட்டுப் பேருக்குப் புடிச்ச சீன்மா அது."

"ஒருத்தர் திறக்க மாட்டேன்னுட்டாங்க சார்."

"யாரு, அந்தப் புழுதிக்கார அம்மாவா? அவங்களுக்காக கேமை மாத்த முடியுமா? லாக்கர் இல்லன்னா ரகசியம் இல்ல. ரகசியம் இல்லன்னா அந்தப் பொண்ணு எதுக்கு?"

"வெல்டிங் பண்றதுக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மூன்று வாரம் தந்திருக்கிறார். புதிதாகப் பத்துப் பேர் விளையாடுவார்கள். அந்த இடத்தில் அவர்களுக்குச் சலிப்புத் தட்டினால் தீப்பொறியையே தூக்கிவிடுவாராம். நாலு வருடமாக அவளை எழுதுகிறேன். அவள் போனால் நானும் இங்கே இருக்கமாட்டேன்.

அதனால் ஓர் உதவி. அந்த நாற்பத்து மூன்று நிமிடமும் அவளிடம் என்ன கேட்க நினைத்தாய்? மழுப்பாமல் எழுது.

வாலு


மார்ச் 25

அன்புள்ள வாலுவுக்கு,

பெரிதாக எதிர்பார்க்காதே. கையுறையில் ஒன்று மட்டும் ஏன் புதிதாக இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். தையல் போட்டதுபோல அவ்வளவு நேராக எப்படிப் பற்றவைக்கிறாள், காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டாளா, யார் மேல் அவ்வளவு எரிச்சல். இவ்வளவுதான். அவளுக்குள் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று நீதான் அம்புக்குறி போட்டுச் சொன்னாய். எனக்கு அவள் வேலையில் மும்முரமாக இருக்கிற ஒரு பெண்ணாகத்தான் தெரிந்தாள்.

உன் கடிதம் வந்த பிறகு கூடத்தில் இருக்கும் இளைய ஆய்வாளரிடம் விசாரித்தேன். அவள் நிறைய விளையாடுகிறவள். திருநங்கைகள் வரும் கேம்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் வழக்கம்போலக் கட்டம் போட்டுக் குறித்தேன். பன்னிரண்டில் நாலு பேர் சிரிப்பு மூட்ட வந்தவர்கள். மூன்று பேர் வில்லி. மூன்று பேர், கதாநாயகனுக்கு நல்ல புத்தி வருவதற்காகச் செத்துப்போகிறார்கள். "மீதி ரெண்டு?" என்றேன். "அவங்க நல்லவங்க மேடம். ரொம்ப நல்லவங்க. அதான் ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்ல" என்றாள். பன்னிரண்டு மாதிரியை வைத்து முடிவு சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். உன் தீப்பொறியைச் சாகடிக்காதே, தெய்வமாக்கவும் செய்யாதே. அவள் கடுகடுப்பு அப்படியே இருக்கட்டும்.

சொல்வதா வேண்டாமா, எப்போது, யாரிடம் என்பதெல்லாம் அவள் பாடு. பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சொன்னால் போதும்.

உனக்கு வேலை போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது. சாப்பிடாமல் எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 22

என் அக்காவுக்கு,

தப்பித்தாள்! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

லாக்கர் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. துருப்பிடித்த சாதாரண லாக்கர், யாராலும் திறக்க முடியாது. அதற்குப் பதிலாகத் தீப்பொறி பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டால் அவள் பேசுவாள். முதலில் கையுறை பற்றி. அப்புறம் அவள் வாயிலிருந்து இது வரும்:

"மாடிவீட்டுக்காரர் மோட்டாரப் போட்டா அணைக்கவே மாட்டார். நான் திருநங்கைன்னு தெரிஞ்சப்போ ஒரு மாசம் என்கூடப் பேசல. அந்த ஒரு மாசமும் மோட்டார்தான் பேசிச்சு. இப்போ ரெண்டும் பேசுது. எது தேவலைன்னு சொல்லுங்க பாப்போம்."

இசை கிடையாது, புள்ளியும் கிடையாது. அவள் பாட்டுக்கு மோட்டாரைத் திட்டிக்கொண்டே அடுத்த தகட்டை எடுப்பாள். கடைசியில் கப்பல் தண்ணீரில் இறங்கும்போது கரையில் நின்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருப்பவளும் அவள்தான். உயிரோடு, கடுகடுவென்று.

பத்துப் பேர் விளையாடியதைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒன்பது பேர் அவள் பேசி முடிக்கும்வரை நின்றார்கள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தாளில், "அந்த மாடிவீட்டுக்காரன் வீட்டுக்குப் போக வழி வைக்கவும், நாலு வார்த்தை கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். குழுத் தலைவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி, பொழச்சுப் போ" என்றார். என்னைச் சொன்னாரா, தீப்பொறியைச் சொன்னாரா, தெரியாது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். நல்ல அழுகைதான்.

மன்னித்தாயா என்று நீ ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும். இன்னும் முழுசாக இல்லை, அக்கா. ஆனால் இன்றைக்கு நல்ல சேதி கிடைத்ததும் முதலில் சொல்லத் தோன்றியது உன்னிடம்தான். அதை நானே எதிர்பார்க்கவில்லை.

மே இரண்டாம் வாரம் எங்களுக்கு நாலு நாள் விடுமுறை. என் வீட்டில் ஒரே அறைதான், மின்விசிறி சத்தம் போடும். வருகிறாயா? பார்சலில் பார்த்தாயே, அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடு. நான் கொடுத்ததாக வைத்துக்கொள்.

உன் தங்கை


ஏப்ரல் 29

என் தங்கைக்கு,

உன் பெயரை முதல் தடவை நேரில் வாயால் கூப்பிட வேண்டும் என்று இங்கே எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். மார்ச் மாதத்திலிருந்தே நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது, முதுகு அப்போதுதான் வலித்தது.

இன்று காலை விடுப்பு விண்ணப்பம் கொடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் காரணம் எழுதாமல் விடுப்புக் கிடையாது. "தங்கை வீட்டுக்குச் செல்ல" என்று எழுதினேன். தலைமை எழுத்தர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா மேடம்? இத்தன வருஷமா சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கலையே."

"கல்யாணம் ஆயிடுச்சா? என்ன பண்றாங்க?"

"கதை எழுதுறா. ரொம்ப வாயாடி. நாம ஒரு பேச்சு பேசினா அவ பத்து பேச்சு பேசுவா."

"உங்களுக்கு நேர் எதிர்னு சொல்லுங்க" என்று கையெழுத்துப் போட்டார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது உன் பாடு. ஆனால் இடத்துக்குத் திரும்பி வந்த பிறகு, காலையில் எடை போட்ட மண் மாதிரிகளை இன்னொரு முறை போட வேண்டியிருந்தது. எண்களைத் தப்பாக எழுதி வைத்திருக்கிறேன்.

பத்தாம் தேதி காலை பத்தரை மணிப் பேருந்து. நாலு மணிக்கு வந்து சேரும் என்கிறார்கள், நான் ஐந்து என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு வழியில் தலை சுற்றும், வந்த உடனே பேசமாட்டேன். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஒரு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திரு, சரியாகிவிடும்.

அன்புடன்,
அக்கா