உப்பை விட்ட பிள்ளை

என் கோவக்காரி பாக்கியத்துக்கு,

உன் காம்பரா அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ கண்ணை மூடியதிலிருந்து இங்கே என்னைத் திட்ட ஆளில்லை. அதுகூட ஒரு குறைதான் என்று இப்போதுதான் தெரிகிறது.

நம் மகள் யோகேசுக்கு வந்தது இருமுனை நோயாம். ஒரு மாதம் தூங்காமல் பாடித் திரிந்தவள் மறுமாதம் சுவரைப் பார்த்துப் படுத்தாளே, அதுதான். கிளினிக்கில் கொடுத்த லித்தியம் குளிசையில் மெல்லத் தெளிந்தாள். பேய் பிடித்திருக்கிறது என்றவர்கள் வாயை மூடினார்கள். பள்ளிக்கூடம் போனாள், என்னோடு சண்டையும் போட்டாள். அப்படியே உன் வாய்.

அவள் குணமானால் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பாள் என்று நேர்ந்தாயே. இந்தத் திருவிழாவில் உன் தங்கச்சி அதை ஞாபகப்படுத்தினாள். காப்புக் கட்டிய நாளிலிருந்து பிள்ளை விரதமாய் உப்பைத் தொடவில்லை. குளிசையை மட்டும் ஒழுங்காகப் போட்டாள். உப்புக்கும் குளிசைக்கும் என்ன சம்பந்தம் என்று யார் கண்டது?

ஊர்வலத்தில் அவளுக்குக் கை நடுங்கியது, கால் தள்ளாடியது. சாமி வந்துவிட்டதென்று தப்பு மேளத்தை இன்னும் வேகமாக அடித்தார்கள். அவள் வாந்தி எடுத்ததும் இது சாமியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குடத்தை உன் தங்கச்சி கையில் திணித்துவிட்டுப் பிள்ளையை ஆட்டோவில் தூக்கிப் போட்டேன். சாமிக்குத்தம் என்று பின்னால் கத்தினார்கள். கத்தட்டும்.

உடம்பில் உப்புக் குறைந்தால் லித்தியம் வெளியேறாமல் இரத்தத்தில் ஏறிவிடுமாம். தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர் அம்மா. சேலைன் ஏற்றினார்கள். இரத்தம் சோதித்து, இப்போது குளிசை அளவைக் குறைத்து மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் குளிசையே வேண்டாம் என்கிறது லயத்து வரிசை வீட்டுச் சனம். நான் கேட்கவில்லை, அதனால் என்னோடு பேச்சும் குறைந்துவிட்டது. யோகேஸ் இன்னும் வார்டில். வேலை முடிந்து வந்தால் அடுப்போடுதான் பேசுகிறேன், பாக்கியம்.

நேற்றுக் கேட்டாள், "அப்பா, நேத்திக்கடன நான் முடிக்கலையே. அம்மா கோவிச்சுக்குவாங்களா?"

உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீயே சொல்லேன், கோபமா?

கோபமென்றால் என்மேல் வை. அடுத்த திருவிழாவுக்கு நான் உப்பை விடுகிறேன், அந்தக் குடத்தை நானே தூக்குகிறேன். பெண்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நம் பிள்ளை உப்புப் போட்ட சோறு சாப்பிட்டு, குளிசையும் போட்டுக்கொண்டு, ஓரமாய் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

இப்படிக்கு,
அவளுக்கு அம்மாவாகவும் இருக்கப் பழகும்
உன் வீட்டுக்காரன்