ஷாத்லி மாமா காலி செய்த மாடி அறை

அன்புள்ள மகன் லுத்ஃபிக்கு,

அல்லாஹ்வின் காவல் உன்மேல் இருக்கட்டும். நான் நலம்தான், முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. மொன்ட்ரியாலில் பனி இடுப்பளவு என்று உன் தங்கை சொன்னாள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. போன வாரம் போனில் ஏன் சரியாகப் பேசவில்லை என்று கேட்டாயாம், பேசத் தெம்பில்லை மகனே, அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் அறைக்கொரு குடும்பமாய் வாடகைக்கு இருந்த அந்தப் பழைய மாளிகையை ஓட்டலாக்கியதும், நான் அங்கேயே அறைகளைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்ததும் உனக்குத் தெரியும். முதலாளி ஃபாரூக்கைக் குறை சொல்லக் கூடாது, ஒழுகிய கூரையை மாற்றினார், உடைந்த ஓடுகளை ஒவ்வொன்றாய்த் தேடி ஒட்டினார், முற்றத்து நீரூற்றில் மறுபடி தண்ணீர் பொங்குகிறது. எல்லாரும் காலி செய்தோம், ஷாத்லி மாமா மட்டும் மாடி மூலை அறையை விடவில்லை. பஸ் கண்டக்டராய் இருந்தவர் அல்லவா, இறக்கிவிட்டுத்தான் பழக்கம், இறங்கிப் பழக்கமில்லை. சாகும்வரை இருக்கலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் காலைச் சாப்பாடு சாப்பிடும்போது அவர்கள் தலைக்கு மேலே தன் உள்பனியனைக் காயப்போடுவார், கீழே பார்த்து "முட்டை வெந்துச்சா?" என்று அரபியில் விசாரிப்பார், அவர்களும் கையசைப்பார்கள்.

குழாய் மாற்றும்போது அவர் அறைக்கு மட்டும் தண்ணீர் வராமல் போயிற்று. மறந்துபோயிற்று என்றார்கள். அன்றிலிருந்து காலையில் சமையலறையிலிருந்து நான்தான் ஒரு வாளி தூக்கிக்கொண்டு படியேறினேன். ஒருநாள் ஃபாரூக் பார்த்துவிட்டார். முற்றத்தில் நிற்கவைத்து, "வசீலா, நீ எனக்கு ஆளா, அவருக்கு ஆளா? வெள்ளிக்கிழமைக்குள்ள அவரக் கெளம்பச் சொல்லு, இல்லன்னா நீயும் அவரோட கெளம்பு" என்றார். திட்டவில்லை, மெதுவாய்த்தான் சொன்னார். உன் தங்கை படிப்பு முடிக்கவில்லை, இந்த வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள். மாடிக்குப் போய் வாளியை மட்டும் வைத்தேன். மாமா என்னைப் பார்த்து, "என்ன, மொகம் ஆறிப்போன கூஸ்கூஸ் மாதிரி இருக்கு?" என்று கேட்டார். கால் வலி என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

அந்த முற்றத்தில் தும்மினாலே மாடிக்குக் கேட்கும், அது எனக்கு அப்போது நினைவில் இல்லை. மறுநாள் காலை கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் பறவைக் கூண்டுமாய் மாமா இறங்கி வந்தார். ஃபாரூக்கிடம் சாவியை நீட்டி, "ஒங்க ஓட்டல்ல ஒரே சத்தம்ப்பா, தூக்கமே வரல, நான் பிஸெர்த்துல மக வீட்டுக்குப் போறேன்" என்றார், ஏதோ வந்த விருந்தாளி குறை சொல்லிப் போவதுபோல. நான் வாசல்வரை ஓடி, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கையைப் பிடித்தேன். "ஒன் முழங்கால் சத்தம் மாடி வரைக்கும் கேக்குதடி, போய் வேலயப் பாரு" என்று கையை உதறிக்கொண்டு நடந்தார். பிறகுதான் தெருவென்றும் பாராமல் அழுதேன்.

இப்போது அந்த அறைதான் ஓட்டலிலேயே பெரிய அறை. இளவரசர் இசை கேட்ட இடம் என்று வாசலில் எழுதிவைத்திருக்கிறார்கள், யாராவது கேட்டால் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று ஒரு அம்மாள் கேட்டாள். ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். நானும் தலையணை உறையை மாற்றினேன், வேறென்ன செய்வது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஹரிசா மிளகாய் விழுது தீர்ந்தால் சொல், அனுப்புகிறேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனிதர்களின் துணையும் தரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, மாமாவுக்குப் போன் செய். என் பேரைப் பார்த்தால் எடுக்க மாட்டேன் என்கிறார், உன்னுடையதை எடுப்பார். அங்கே தண்ணீர் வசதி எப்படி என்று கேள், நான் கேட்கச் சொன்னதாய்ச் சொல்லாதே.

உன்னை நினைத்தபடியே இருக்கும்,
அம்மா வசீலா