ஒரு மணிக்கு, அதே மூலையில்

அக்டோபர் 6, வெள்ளி
பில்பாவோ. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூறல். சொந்த ஊரில் ஓட்டல் அறை. அம்மா வீட்டை விற்று நாலு வருஷமாகிறது. ஆற்றங்கரையில் எழும்பும் கண்ணாடிக் கட்டடத்தைப் பத்து நாள் மேற்பார்வையிட வேண்டும். இங்கேயே கிளை அலுவலகப் பொறுப்பை ஏற்கிறாயா என்றும் கேட்டிருக்கிறார்கள். பதினாறாம் தேதி பதில் சொல்லணும். வேலையைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. இந்த ஊரில் எனக்கு இன்னும் யாராவது இருக்கிறார்களா?

ஊருக்கு வந்திருக்கிறேன் என்று எதுர்னேவுக்குச் செய்தி அனுப்பினேன். பள்ளி நாளிலிருந்து எங்கள் ஐந்து பேர் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. ஒரே சொல்லில் பதில்: 'சரி.'

அக்டோபர் 8, ஞாயிறு
யாரும் கூப்பிடவில்லை. மூன்று மணிவரை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தேழு வயசுக்கு இது தேவையா?

அக்டோபர் 10, செவ்வாய்
மதியம் பில்-பில் என்ற எங்கள் ஊர் மீன் குழம்பு சாப்பிட்டேன். மண்சட்டியைச் சுழற்றிச் சுழற்றி, மீனின் பசையும் எண்ணெயும் கூடி வெள்ளைக் குழம்பாகத் தளதளவென்று வந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். குனிந்தபோது எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றது. ஆறவிட்டது நான்தான்.

அக்டோபர் 12, வியாழன்
விடுமுறை. டைட்டானியத் தகடு போர்த்திய அருங்காட்சியகத்தின் முன்னால் ஒரு குடும்பத்தைப் படமெடுத்துக் கொடுத்தேன். இன்று நான் பேசியது அவ்வளவுதான்.

அக்டோபர் 14, சனி
'வர இயலாது' என்று கடிதம் எழுதிவிட்டேன். திங்கள் காலை அனுப்பணும். கோபம் எதுர்னே மேல்கூட இல்லை. இருபத்திரண்டு வருஷம் மத்ரித்தில் இருந்துவிட்டு, யாரைக் குறை சொல்ல?

அக்டோபர் 15, ஞாயிறு
பஸ் நாலு மணிக்கு. பெட்டியை இழுத்துக்கொண்டு, கால்போன போக்கில் பழைய ஊர்ச் சந்துகளில் நடந்தேன். அந்நாளில் எங்கள் கூட்டம் கூடிய கோல்தோவின் பார். ஒன்றே கால் மணி. உள்ளே, அதே மூலையில், நாலு பேரும்.

எதுர்னே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போன வாரம் ஏன்டி வரலை? உனக்குன்னு எடுத்து வெச்ச ஹில்டா குச்சியை ரெண்டு மணிக்கு மாய்தெர் தின்னுட்டா."

"குச்சியில குத்தியிருந்த ஆலிவ் வாடிடுச்சுடி. பாவம்னு தின்னேன்," என்றாள் மாய்தெர்.

ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே என்றேன். குரல் உடைந்துவிட்டது. சே.

இப்போதுதான் எதுர்னே திரும்பினாள். "உன்னை என்னைக்குடி கூப்பிட்டிருக்கோம்? ஞாயித்துக்கிழமை ஒரு மணி. மத்ரித்ல இதுக்கும் நேரம் கேட்டுத்தான் வருவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். கோல்தோ ஒன்றும் கேட்காமல் ஐந்தாவது கிளாஸை நிரப்பினான். பதினேழு வயதிலிருந்து யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. வரவேண்டியதுதான். இதைப் போய் எப்படி மறந்தேன்? ஒரு வாரம் முழுக்க இவர்கள் என்னை மறந்துவிட்டதாக—

என் பெட்டியைக் காலால் நகர்த்தி அதன்மேல் உட்கார்ந்தாள் எதுர்னே. நாலு மணி பஸ் போய்விட்டது.

நவம்பர் 26, ஞாயிறு
மழை. புது வீட்டுச் சமையலறையில் இன்னும் திரைச்சீலை மாட்டவில்லை. எதிர்வீட்டுக்காரர் காலையில் கையசைத்தார். யாரும் கூப்பிடவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினால் போதும்.