பின்னிருக்கைக்காரர் வாங்கிய வண்டி

கூலாய், ஜொகூர்
12 ஜூன் 2025

அன்புள்ள வெள்ளையம்மாவுக்கு,

இங்கே நான் நலம். அறுவை செய்த உன் வலது முழங்கால் பெர்த் குளிரில் வலிக்காமல் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். சௌந்தர்யாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். நான்கு முறை தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் நீ "சாப்டீங்களா?" என்று கேட்டாய், நான் சாப்பிட்டதைச் சொன்னேன், பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

விஷயம் இதுதான். நான் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டேன். ஹோண்டா செவன்டி, 1974. நீ கிளினிக்கிலிருந்து தோட்டம் தோட்டமாகப் பிரசவம் பார்க்கப் போவாயே, அதே வகை, அதே வருடம். அவசரப்பட்டு வாங்கவில்லை, மூன்று மாதம் தேடினேன். சரியாகத்தான் செய்தேனா என்ற சந்தேகம் மட்டும் இன்னும் போகவில்லை.

ஜனவரியில் நீ ஊன்றுகோலோடு நிற்கும் படத்தைச் சௌந்தர்யா அனுப்பினாள். "இனிமே அம்மாவுக்கு வண்டியெல்லாம் முடிஞ்சுது" என்று கீழே எழுதியிருந்தாள். மறுநாள் நீயும் அதையே சிரித்துக்கொண்டு சொன்னாய். ஆறு வாரத்தில் திரும்பி வருவதாகச் சொல்லி அங்கே போனவள் நீ. அப்போது நான்காம் மாதம். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. ஆனால் எனக்கு எதிர்த்துப் பேச வராது. நீ ஓய்வு பெற்ற வருடம் யாரோ வந்து கேட்டார் என்று, மறுக்கத் தெரியாமல் பழைய வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனும் நான்தானே.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கட்டம் போட்டேன். கைப்பேசியில் வரும் பழைய ஜப்பானிய வண்டி விளம்பரங்களை எழுதி வைத்தேன். ஊர், வருடம், என்ஜின் எண், படத்தில் காட்டுவது, படத்தில் மறைப்பது. மொத்தம் அறுபத்து மூன்று விளம்பரங்கள். அவற்றில் பதினான்கு வண்டிகளை நேரில் போய்ப் பார்த்தேன். சிலவற்றை அடையாளம் தெரியாமல் மாற்றிக் கட்டியிருந்தார்கள். ஒரு வண்டியின் ஹேண்டில் மான்கொம்பு போல நின்றது. இன்னொன்றின் டாங்கியில் தங்க நிறத்தில் வேல். அழகாகத்தான் இருந்தன. நமக்குச் சரிவராது.

எனக்கு ஓட்டத் தெரியாது என்பதுதான் பெரிய சங்கடம். விற்பவர் எல்லாரும் "ஓட்டிப் பாருங்க அங்கிள்" என்று சாவியை நீட்டினார்கள். நான் கூச்சத்தோடு, நீங்கள் ஓட்டுங்கள், நான் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன் என்பேன். சிரிப்பார்கள். முப்பத்தொரு வருடம் உன் பின்னால் உட்கார்ந்து நில அளவை அலுவலகத்துக்குப் போய் இறங்கியவன் நான். "நர்ஸ் மிஸ்ஸி வீட்டுப் பார்சல் வந்தாச்சு!" என்று வாசலில் கேலி செய்வார்களே, அதைக் கேட்ட காதுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?

பதின்மூன்றாவது வண்டி தங்காக்கில். இரண்டு பஸ் மாறிப் போனேன். ராஜசேகரன் என்பவருடையது. கண்ணாடி போலப் பளபளத்தது. எனக்கு முன்பே ஒருவர் பணத்தோடு வந்து நின்றார். ராஜசேகரன் அவரைப் பார்த்துக் கண் சிமிட்டி, "அங்கிள் பின்னால உக்காந்தே வண்டி வாங்குவாரு லா! நாளைக்கு வீட்டைக் கூரையில ஏறிப் பாத்துத்தான் வாங்குவாரு" என்றார். நான் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

சந்தையைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. உன் பின்னால் ஒரு நாளும் என் இடுப்பு இடது பக்கம் சரிந்ததில்லை. இங்கே நேர்ச்சாலையிலேயே சரிந்தது. இறங்கியதும் வண்டியை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தேன். பேசாமல் வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். பையிலிருந்து நூலை எடுத்தேன். என் பையில் நூல் இருக்கும், உனக்குத் தெரியும். பின்சக்கரத்தை ஒட்டி முன்சக்கரம் வரை இழுத்துப் பிடித்தேன். இடது பக்கமும் பிடித்தேன், வலது பக்கமும் பிடித்தேன். சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லை. எங்கோ மோதி வளைந்த சட்டத்தைத் தட்டி நிமிர்த்திச் சாயம் பூசியிருக்கிறார்கள். வந்தவர் குனிந்து பார்த்துவிட்டுப் பணத்தைப் பைக்குள் வைத்தார். "ஐயா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை நான் அங்கிள்.

ராஜசேகரன் திட்டுவார் என்று பயந்தேன். அவர் நூலை வாங்கித் தானே ஒரு முறை பிடித்துப் பார்த்தார். பிறகு, "அடடா, அலமாக், நான் வாங்கினப்ப நீங்க எங்க ஐயா இருந்தீங்க?" என்றார். அவரையும் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். பாசிர் கூடாங்கில் திருச்செல்வம் என்ற பையனிடம் ஒரு வண்டி இருக்கிறது, பார்வைக்குக் கேவலமாக இருக்கும், போய்ப் பாருங்கள் என்று எண்ணைக் கொடுத்தவரும் அவர்தான்.

கேவலமாகத்தான் இருந்தது. இருக்கை கிழிசல், விளக்கு விரிசல், சாயம் எந்த நிறம் என்றே தெரியவில்லை. திருச்செல்வம் கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிறார். வேலை இல்லாத நேரத்தில் வீட்டு வாசலில் பழைய வண்டிகளைக் கட்டிக் கொடுக்கிறார். பின்னால் உட்கார்ந்தேன். தொழிற்சாலை பஸ்களுக்கு நடுவே இருபது நிமிடம் சுற்றினோம். ஒரு முறைகூட நான் இருக்கைப் பட்டையைப் பிடிக்கவில்லை. திரும்பியதும் நூல் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே கோடு. வெள்ளையம்மா, எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. இருமினேன்.

"யாரு ஓட்டப் போறா, உங்க மகனா?" என்று திருச்செல்வம் கேட்டார். என் மனைவி, வயது அறுபத்தெட்டு, முழங்காலில் அறுவை என்றேன். சிரிக்கப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட்டது, "எந்தக் காலு?"

நான் வரைந்து கொண்டுபோன படத்தை அப்போதுதான் வெளியே எடுத்தேன். இடது பக்கம் மூன்றாவது சக்கரத்தோடு ஒரு இருக்கைப் பெட்டி. திருச்செல்வம் அதை அப்படியே கட்டிப் பொருத்தினார். வண்டி தானாகவே நிற்கும், நீ காலை ஊன்ற வேண்டாம். அந்த வண்டியில் கிளட்ச் கைப்பிடி கிடையாதே, இடது கை சும்மாதான் இருக்கிறது. வலது கால் பிரேக்கை அந்தக் கைக்கு மாற்றியாயிற்று. உதைத்துக் கிளப்புவது என் வேலை. அதை மட்டும் கற்றுக்கொண்டேன். தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஓடவிடுகிறேன். அனுமதிக்கு எழுதி, காத்திருந்து, போன வாரம் ஆய்வு நிலையத்துக்குக் கொண்டு போனோம். முதல் தடவையிலேயே தேறியது. "இந்தப் படம் யார் போட்டது?" என்று அதிகாரி கேட்டார். நான்தான் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பெட்டியில் உட்காரப் போவது நான். முப்பத்தொரு வருடம் உன் முதுகையும், கண்ணாடியில் ஒரு கண்ணையும் பாதிப் புருவத்தையும் பார்த்துக்கொண்டு போனவன். ஓட்டும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தால் தெரியும். அளவெடுத்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

விலையைக் கேட்பாய். நேரில் சொல்கிறேன்.

என்னையும் பெர்த்துக்கு அழைத்துக்கொள்ளச் சௌந்தர்யா அனுப்பிய, இந்த வீட்டை விற்கும் படிவம் மேசையில் இருக்கிறது. எந்தப் படிவத்தையும் நான் தாமதித்ததில்லை. இதை மட்டும் இன்னும் நிரப்பவில்லை. அவளைக் கோபித்துக்கொள்ளாதே. உன்மேல் உள்ள பாசத்தில்தான் செய்கிறாள்.

கடைசியாக ஒன்று. உன் ஓட்டுநர் உரிமம் அடுத்த மாதம் முடிகிறது. நேற்று புதுப்பிக்கப் போனேன். எத்தனை வருடத்துக்கு என்று முகப்பில் இருந்த பெண் கேட்டாள். எப்போதும் ஒரு வருடம் என்று சொல்பவன் நான். அதற்கு மேல் கேட்க எனக்கு என்றுமே துணிச்சல் வந்ததில்லை. நேற்று, பத்து என்று சொல்லிவிட்டேன்.

அதிகம் என்று பட்டால், வந்து திட்டு.

முருகன் துணையிருப்பான். உன் முழங்கால் சீக்கிரம் தேறட்டும்.

என்றும் உன் பின்னிருக்கைக்காரன்,
மனோகரன்