அம்புத் தண்டில் குறி வைத்தவள்

என் சிட்டுக்கு,

நான் சௌக்கியமாகத்தான் இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் பேனாவை எடுத்தேன். போனிலேயே சொல்லலாமே எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ சாப்பிட்டாயா என்று கேட்பாய், நான் ஆயிற்று என்பேன், மாத்திரை என்பாய், அதுவும் ஆயிற்று என்பேன், அதோடு நமக்குப் பேச்சு தீர்ந்துவிடுகிறது. போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசைகட்டி வந்து நிற்கும். அப்பா இருந்தவரை அதை அவர் தலையில் கொட்டிவிடுவேன். இப்போது சமையலறைக் குழாயிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது சொட்டிக்கொண்டே இருக்கிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்கிறார், நானும் வற்புறுத்தவில்லை, வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும்.

தோள்பட்டை இறுகிப்போனதற்குப் பயிற்சி கொடுத்த பெண் விளையாட்டாகச் சொல்லப்போய் நான் வில்லைத் தூக்கிய கதை உனக்குத் தெரியும். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன், ஆனால் மைதானத்துக்குப் போகும் அந்தக் காலைகளுக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரவல் அம்புகள். சொந்தமாக அம்புத் தண்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று எங்கள் பயிற்சியாளர் சொன்னார், கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவருக்கு விசில் சார் என்றே பெயர். தண்டு கடையிலிருந்து முழு நீளத்தில் வருமாம், நாம்தான் கைக்குத் தக்கபடி வெட்டிக்கொள்ள வேண்டுமாம். நீளமாக இருந்தால் அம்பு கனத்துச் சோம்பிப் போகும், குட்டையாகிவிட்டால் வில்லின் தாங்கியிலிருந்து நழுவி, பிடித்திருக்கும் கையிலேயே பாய்ந்துவிடும். அதனால் நாணை முழுக்க இழுத்துத் தாடையில் வைத்து நிற்கும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று தண்டில் குறி வைக்க வேண்டும், அதற்கு மேல் இரண்டு விரல் விட்டு வெட்ட வேண்டும். அவர் மைதானத்துப் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பும் அவசரத்தில், வீட்ல யாரையாவது விட்டுக் குறிச்சுக்குங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அதற்கென்ன என்று தலையை ஆட்டிவிட்டேன். யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை சிட்டு. காலமெல்லாம் லேபில் பல்செட்டைத் தேய்த்து ராவியவளுக்குத் தண்டை ராவவா தெரியாது, அந்தச் சின்ன மோட்டார் பரணில் சும்மாதானே கிடக்கிறது. வெட்டுவது பெரிய காரியமில்லை. குறி வைக்கத்தான் ஆள் இல்லை.

தனியாகவும் செய்து பார்த்தேன். மெத்தையைத் தூக்கி பீரோமேல் சாய்த்து வைத்து, முனை போடாத தண்டைப் பூட்டி, நிலைக்கண்ணாடிக்கு எதிரே நின்று இழுத்தேன். தண்டில் ரப்பர் வளையம் போட்டு அது எங்கே நகர்ந்து நிற்கிறது என்றும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடம். குறியைப் பார்க்கிறேன் என்று தலையைத் திருப்பினாலே தோள் ஏறிவிடுகிறது, இழுப்பு மாறிவிடுகிறது. தன்னைத் தானே அளக்க முடியாது போலிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு போய் மாசமாகிறது, காவலாளியைப் படுக்கையறை வரை கூப்பிடச் சங்கடம். மறுநாள் கூரியர்காரர் மாத்திரைப் பொட்டலம் கொண்டுவந்தார், கையெழுத்துப் போட்ட கையோடு தம்பி ஒரு நிமிஷம் உள்ளே வா என்றேன். நான் வில்லைத் தூக்கியதைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை பேனாவைக்கூட வாங்காமல் படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பிறகு அது வேறு தண்ணீராகிவிட்டது, அதை விடு.

அந்தக் கூரியர்காரர் சும்மா போகவில்லை. இரண்டு தெரு தள்ளி உன் சித்தி வீட்டுக்கும் அவர்தானே பொட்டலம் கொடுப்பவர், அங்கே போய் அந்தம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அன்று மாலையே வாசல் மணி அடித்தது. திறந்தால் என் ஓரகத்தி நிற்கிறாள். அப்பாவைக் கொண்டுபோன நாளுக்குப் பிறகு அவள் இந்தப் படி ஏறவே இல்லை, நானும் ஏற்றவில்லை. ஒரு நாள் முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அத்தான் இருந்திருப்பார் என்று அத்தனை பேர் நடுவில் அவள் சொன்னாளே, நீயும் பக்கத்தில்தான் நின்றாய். ஒரு நாளில் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நீ எத்தனையோ தடவை சித்தியிடம் பேசும்மா என்றாய், நான்தான் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

கையில் வில்லோடு நின்றவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யாரை அடிக்கக்கா இது என்று கேட்டாள். முதலில் உன்னைத்தான் என்று வந்துவிட்டது வாயில். அவள் கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நான் என்ன செய்யணும் என்றாள். மார்க்கர் பேனாவைக் கையில் கொடுத்து, இழுத்து நிற்கும்போது தாங்கிக்கு நேரே தண்டில் ஒரு கோடு போடு, முன்னால் மட்டும் வந்துவிடாதே என்றேன். நாணை இழுத்துத் தாடையில் வைத்தேன். அந்த நிலையில் திரும்பவும் முடியாது, பேசவும் முடியாது, நேரே மெத்தையைத்தான் பார்க்க வேண்டும். அவள் கோடு போடவில்லை. நாண் விரலை அறுக்கிறது. அப்போது பக்கத்தில் அவள் குரல் கேட்கிறது, ரொம்பத் தணிவாக.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. எனக்குத் துக்கம் தாங்கல, யார்மேலயாவது போடணும்னு தோணிச்சு."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, கோட்டைப் போடுடி முதலில் என்றேன். போட்டாள். நாணை மெல்லத் தளர்த்தி இறக்கிவிட்டு நான் பாட்டுக்கு ஸ்கேலைத் தேடிக்கொண்டு போய்விட்டேன். இன்னும் இரண்டு தடவை இழுத்தேன், மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தது. பிறகு பால்கனியில் மோட்டாரை வைத்து, அந்தக் கார்பன் தண்டின் தூள் நெஞ்சில் போகாமல் இருக்க இரண்டு பேரும் முகமூடி போட்டுக்கொண்டு, சுற்றிலும் ஈரத்துணி விரித்து வெட்டினோம். தண்டை அழுத்தக் கூடாது, சக்கரத்தில் லேசாகப் படவிட்டு உருட்டிக்கொண்டே இருந்தால் அதுவே அறுந்து வரும். மறுமுனையை அவள் மட்டமாகப் பிடித்துக்கொண்டாள். வெட்டிய வாயை உப்புத்தாளில் தேய்த்து நகத்தில் இடறுகிறதா என்று பார்த்துக் கொடுத்தாள். முகமூடி போட்டிருந்தது ஒரு வகையில் வசதியாகப் போயிற்று, யார் முகம் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. டீ போடுகிறேன் என்றேன், வேண்டாம் இருட்டிவிடும் என்று எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டுதான் சொன்னாள், வீட்டைக் காலி செய்கிறாளாம், இந்த வெள்ளிக்கிழமை மகனிடமே போய்விடுகிறாளாம். சித்தப்பா போன பிறகு அவளுக்கும் அந்த வீட்டில் சுவர்தானே துணை. கூரியர்காரர் வந்து சொல்லாவிட்டால் என்னிடம் சொல்லாமலே போயிருப்பாளோ என்னவோ, நான் கேட்கவில்லை.

அன்றைக்குத் தூக்கம் சரியில்லை. காலையில் பல் துலக்கினதும் துலக்காததுமாக அவள் வீட்டுக்கு நடந்தேன். கூடமெல்லாம் அட்டைப்பெட்டி. திரைச்சீலையைக் கழற்றியிருந்ததால் ஜன்னல் வெளிச்சம் மூஞ்சியில் அடித்தது. வாங்கக்கா என்றாள், கட்டில் விரிப்பை மடிக்க முடியாமல் தரையில் போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். நான் போய் மறுமுனையைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"நீ சொன்னதைத்தான்டி நான் தினமும் நினைச்சிக்கிட்டிருந்தேன். அதான் உன்மேல அவ்வளவு கோவம்."

அவள் விரிப்பை இழுத்து உதறினாள், நான் பிடித்தேன், நடுவில் வந்து இரண்டு முனையையும் சேர்த்தோம். அவள் கை என் கையின்மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அடுத்த விரிப்பை எடுத்தாள். மதியம்வரை பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம், உன்னைப் பற்றியும் அவள் மகனைப் பற்றியும் பேசினோம், அங்கே குளிர் அதிகமாம், ஸ்வெட்டர் பின்னித் தருகிறேன் என்றேன். அப்பாவைப் பற்றிப் பேசவில்லை. பேச இன்னும் நாள் இருந்திருக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

நேற்று வெள்ளிக்கிழமை. வண்டி வந்தது, பெட்டிகள் ஏறின, அவளும் ஏறினாள். போய் வரேன்க்கா என்றாள். தெருவில் காய்கறி விற்பவர்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார், அது வேறு. முறை வைத்து அக்கா என்று கூப்பிட இந்த ஊரில் இனி ஒருவரும் இல்லை. சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பி வரும்போது கால் அவள் தெருவுக்கே திரும்பியது, பாதியில்தான் நினைவு வந்து நின்றேன்.

நீ கவலைப்படுவாய் என்று தெரியும், படாதே. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவர வேண்டியதும் இல்லை. காதில் குளிர்காற்று ஏறாமல் பார்த்துக்கொள், பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே, தள்ளிப்போட்ட வாய்களை ஆயுசு முழுக்கப் பார்த்தவள் சொல்கிறேன். சித்தியின் புது எண்ணைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டுப் பேசு, புது இடத்தில் ஞாயிறுகள் ரொம்ப நீளமாக இருக்கும். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் துணையாக நிறைந்து இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா